மே/பா

மேட்டுப்பாளையத்தில் மழை இல்லை,
பர்லியாறு தாண்டியதும் பிடித்துக்கொண்டது.
ஜெயசீலி கேத்தி பாலாடாவில் இறங்கும்போது
பையில் இரண்டு சேலை, விடுதலைச் சான்று,
உள்ளே தைத்துச் சேர்த்த கூலியின் பாஸ்புத்தகம்.
ஸ்வெட்டர் இல்லை.
கோவை ஜெயிலில் எதற்கு ஸ்வெட்டர்?

"பக்கத்துலயே பாத்துப் பழகிட்டேன்கா,
தூரம் பாத்தா தலை சுத்துது."
கொஞ்ச நாள் என் செருப்பைப் பார்த்து நட என்றேன்.

முதல் ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை.
உள்ளே அது அணைவதே இல்லை, எனக்கும் தெரியும்.
கரண்டு பில் நான் கட்டுகிறேன் என்று
அன்றைக்குச் சொல்லவில்லை.
பத்தாம் நாள் சொன்னேன்.

போஜன்தான் கேரட் மண்டி முதலாளி.
"என்ன கேசு?" என்றார்.
"என் கேசைக் கேட்டீங்களா?"
"கேட்டேன். நீ சொல்லல."
"கணக்கு என்னைக்காவது பிசகியிருக்கா?"
டீயை ஆற்றிக் குடித்தார்.
அவ்வளவுதான் நேர்காணல்.

ராத்திரி ஒரு மணிக்கு டிரம் சுழல ஆரம்பிக்கும்.
செம்மண் கரைந்து வாய்க்காலில் ஓடும்.
நாலரைக்கு லாரி மலை இறங்கியாக வேண்டும்.
கிளைத்தது, வெடித்தது, ஒடிந்தது தனிக்கூடை.
கூட்டம் பேச வந்த ஒரு தம்பி
அந்தக் கூடையைத் தொட்டுக் கண் கலங்கினார்,
"நீங்களும் இப்படித்தானே அக்கா."
இல்லை தம்பி.
அது மாட்டுக்கு.

சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும்
எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து
சுவரோரம் போய் நிற்பாள்.
யாரும் எண்ண வர மாட்டார்கள் என்று தெரியும்,
கால் போகிறது.
அரிசி களைந்தபடியே நான் "ரெண்டு" என்பேன்.
"ரெண்டு" என்று அவளும் சொல்லிவிட்டு
வெங்காயம் உரிக்க உட்காருவாள்.

முதல் மாதச் சம்பளத்தில் ஊட்டிக்குப் போனோம்.
மகளுக்கு ஸ்வெட்டர்.
கடைக்காரர் அளவு கேட்டார்.
இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள்,
நாலு வயதில் விட்டுப் போன உயரம்.
பிறகு கை மெல்ல ஏறியது.
இடுப்பு, மார்பு,
தோளுக்கு வந்து நின்று
இன்னும் கொஞ்சம் ஏறி
எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது.
பெரியதாகவே எடுத்தோம்.
கூடலூர் ஹாஸ்டலில் இருந்து இன்னும் பதில் வரவில்லை.

நேற்று ஆதாரில் முகவரி மாற்றப் போனோம்.
"அப்பா பேரா, புருசன் பேரா?" என்றான் பையன்.
அப்பா மண்ணுக்குள்.
புருசன் தீர்ப்பின் முதல் வரியில்.
"மே/பா போடு. சிவபாக்கியம். எழுத்துக்கூட்டிச் சொல்லவா?"
மேற்பார்வை.
இருபது வருடம் முன்னால்
அந்த வார்த்தை கையில் தடியும் ரிஜிஸ்டரும் வைத்திருந்தது.
இப்போது என் பேரோடு ஒட்டிக்கொண்டு
ஒரு ரேஷன் அரிசி வாங்கித் தரும் என்கிறார்கள்.

ரேகைதான் விழவில்லை.
தண்ணீரும் மணலும் தேய்த்த விரல்.
துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள்,
என் முந்தானையில் தேய்த்து வைத்தாள்.
கைதான அன்று பத்து விரலும்
ஒரே தடவையில் விழுந்ததாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தாள்,
இங்கு வந்து முதல் தடவை,
வரிசையே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

"நாளைக்கு வாங்க" என்றான் பையன்.
பஸ் ஒன்பதரைக்கு.