சொந்தக் கார்

பதினேழாவது விண்ணப்பம்.
புளூம்ஃபொன்டெய்ன் நூலகம்,
கணினியில் எனக்கு இன்னும் இருபது நிமிடம்.

பெயர்: ரெஃபிலோவே மொலெஃபெ.
ஒப்பந்தச் சட்டத்தில் எழுபத்தெட்டு.
எங்கள் நிறுவனத்தை ஏன் விரும்புகிறீர்கள்?
போன வாரம் இன்னொருவருக்கு எழுதிய காதலைப்
பெயர் மாற்றி ஒட்டுகிறேன்.
ஒரு தடவை மாற்ற மறந்துவிட்டேன்.
உடனே பதில் போட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்,
மூன்று வரியில், வெகு மரியாதையாக.

அப்புறம் அந்தக் கட்டம்:
ஓட்டுநர் உரிமம்? சொந்தக் கார்?

பயிற்சி வழக்கறிஞர்
கோப்புகளை நீதிமன்றம் கொண்டுபோக வேண்டுமாம்.
சம்பளம் வந்தால் கார் வாங்குவேன்.
கார் இருந்தால் சம்பளம் வரும்.
இந்த நிபந்தனை செல்லுமா என்று
தேர்வில் கேட்டிருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பேன்.

ஷேர் டாக்ஸியில் நான் முன்னிருக்கை.
பின்னாலிருந்து கைமாறி வரும் காசை எண்ணி
பதினைந்து பேருக்கும் சில்லறை பிரிப்பது
முன்னிருக்கைக்காரர் பாடு.
மூன்று வருடம். ஒரு ரேண்ட் குறைந்ததில்லை.
அதைக் கேட்க
ஒரு கட்டமும் இல்லை.

‘இல்லை’ என்று அழுத்தினேன்.
பக்கம் நகரவில்லை.
வண்டி எண் தருக என்றது, சிவப்பில்.

நாலு நிமிடம் பாக்கி.
தினமும் ஏறும் டாக்ஸியின் எண்
எனக்கு மனப்பாடம்.