மூவாயிரத்து இருநூறு வெள்ளி

ஒன்பதரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.
எட்டு மணிக்கே கிளப்பிவிட்டேன்.
குளிர்ந்த இஞ்சின்தான் இருமும்,
முதல் மூச்சில் நீலமாய்க் கக்கும்,
பக்கத்து வீட்டுக் கொடியில் காயும்
பள்ளிச் சட்டைவரை போகும் அந்தப் புகை.
சூடேறிவிட்டால் இருந்த இடம் தெரியாது.
கஞ்சில் என்றால் சருகுமான்;
ஒளிந்துகொள்ளத் தெரியாதா அதற்கு?

தரகு ரத்தினம் சொன்னபடி
ராத்திரியே கெட்டி எண்ணெய் ஒரு டின் ஊற்றியாயிற்று.
"தட்டுற சத்தம் ரெண்டு நாளைக்குத் தூங்கும்ணே.
ரெண்டு நாள் போதாதா?"
மூடிக்கு அடியில் படிந்திருந்ததைப்
பழைய பனியனால் வழித்தேன்.
தே தாரே நிறம்.
நுரைகூட அதே நுரை.
எண்ணெயில் தண்ணீர் இறங்கினால் இந்த நிறம் என்று
யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
ரொம்பின் சாலையில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால்,
முள் சிவப்பைத் தொட்டதே ஒரு மத்தியானம்,
ஏர்கோனை அடைத்து, கண்ணாடியை இறக்கி,
முருகா முருகா என்று பகாவ் வந்து சேர்ந்தேனே,
அன்றைக்கே தெரியும்.

யுகேஸ்வரி மோட்டார் சைக்கிளில் வந்தாள்.
சப்பாத்தில் ஆலைச் சேறு.
சாவி கேட்கவில்லை.
நேரே வந்து போனட்டின்மேல்
உள்ளங்கையை வைத்தாள்.
ஒரு நொடி.
எடுக்கவில்லை.
இன்னொரு நொடி.
"எங்க போயிட்டு வந்தீங்க அங்கிள்?"
"மார்க்கெட்டுக்கு."
அஞ்சடியில் ஒரு கீரைக்கட்டுகூடக் கிடையாது.

உள்ளே உட்கார்ந்து கிளப்பினாள்.
ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தது நான்.
அடைத்தது அவள்.
பாட்டு போன இடத்தில்
அது வந்து நின்றது:
டக். டக். டக்.
வட்டிக்காரன் முதல் தடவை
கதவைத் தட்டுவதுபோல், ரொம்ப மரியாதையாக.

இஞ்சினை நிறுத்தி, அளவுக் கம்பியை உருவினாள்.
கட்டைவிரலில் ஒரு சொட்டு. தேய்த்தாள். வெயிலில் சாய்த்தாள்.
"ஆலை லேப்புல எனக்கு என்ன வேலை தெரியுமா?
எண்ணெயில எவ்வளவு தண்ணின்னு அளக்கிறது.
காலையில ஆறு தடவை."
பூச்சட்டிக்குப் பின்னால் கிடந்த பனியனைப் பார்த்தாள்.
பார்க்காததுபோலவும் இருந்தாள்.
"பாடி நல்லாத்தான் இருக்கு. ஆயிரத்து நூறு.
இஞ்சினை நான் மாத்திக்கிறேன்."

மூவாயிரத்து இருநூறு என்று
கண்ணாடியில் நானே எழுதி ஒட்டிய காகிதம்
எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
எதை யோசிக்க?

அவள் கிளம்பினாள்.
மூலை திரும்புவதற்குள் என் காதில் விழுந்துவிட்டது.
சும்மா இருந்திருக்கலாம்.
"ஏம்மா! செயின் தொங்குது!
இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்காது!"

நின்றாள். ஹெல்மெட்டைத் தூக்கினாள்.
"தெரியும் அங்கிள்.
அதுக்குத்தானே காடி தேடுறேன்."