பாக்கி

லீமா நீதிமன்றத்தின் மேசைமேல்
என் கயிறுகளைப் பரப்பினேன்.
இறகை மையில் தோய்த்தபடி எழுத்தன் கேட்டான்,
"இதை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?"
விரலிலிருந்து, ஐயா.

பழுப்பு, மக்காச்சோளம்.
ஹவுஹா களஞ்சியத்தில்
உங்கள் ஆட்கள் முதல்நாள் அள்ளியது.
வெள்ளை, லாமாக்கள்.
அறுத்தவை வேறு, சுமந்தவை வேறு.
வழியில் தானாகச் செத்ததை
உங்கள் தலையில் கட்டவில்லை.
இந்தப் பொடி முடிச்சுகள் செருப்பு.
ஆமாம், செருப்புதான்.
எங்கள் செருப்பில்தானே
உங்கள் வெற்றி மலையேறியது?

மொழிபெயர்ப்பவன் பாதியை விழுங்கினான்.
எழுத்தன் தன்பாட்டில் எழுதினான்:
குதிரை, எஃகு, புனித சந்தியாகுவின் அருள்.

நான் மறுக்கவில்லை.
குதிரையை முதன்முதலில் பார்த்த அன்று
மதிலோரம் நின்று வேட்டியை நனைத்தவன் நான்.
ஆனால் அதற்குப் புல் யார் போட்டது?
இதோ, பச்சைக் கயிறு.

இந்தச் சிவப்பு உங்களுடையதல்ல.
குஸ்கோ கொண்டுபோன எங்கள் பிள்ளைகள்.
திரும்பி வந்தவர் இரண்டு பேர்,
அதில் ஒருவனுக்குப் பேச்சில்லை.
அந்த வீட்டில் அண்ணனும் தம்பியும்
ஒரே அரியணைக்கு அடித்துக்கொண்டபோது
நீங்கள் வந்தீர்கள்.
எங்களை ஏமாற்றிவிட்டதாக நினைக்காதீர்கள்.
கோபத்தில்தான் கதவைத் திறந்தோம்.
கோபத்துக்கு வாசல் தெரியும்,
பின்கட்டு தெரியாது.

சாம்பல் நிறத்தை அவன் தொட்டான்.
வேண்டாம், அது ஊர்த்தலைக் கணக்கு.
உங்களுக்கு முன்பே
உங்கள் கொப்புளம் வந்து சேர்ந்துவிட்டது.
தெருத் தெருவாக முடிச்சவிழ்த்தேன்.
கட்டுவதைவிட அவிழ்ப்பது சுலபம் என்று
அந்த மாதம்தான் தெரிந்தது.
எங்கோ நடுவில் கர்வா, என் மனைவி.
அந்த ஒன்றை மட்டும் அவிழ்க்கவில்லை.
கணக்கில் ஒன்று கூடுதலாக இருக்கும்.
வேண்டுமானால் குற்றமென்று எழுதிக்கொள்ளுங்கள்.

"ஓரத்தில் ஒன்று வெறுமனே தொங்குகிறதே?"
நீங்கள் திருப்பித் தந்தது, ஐயா.

அதை மொழிபெயர்க்கவே இல்லை அவன்.
காகிதத்தில் மணல் தூவினார்கள்.
சாப்பாட்டு மணி அடித்தது.

கயிறுகளைச் சுருட்டித் தோளில் போட்டுப்
படியிறங்கினேன்.
வாசற்காவலன் காலில்
எங்கள் ஊர்ப் பின்னல்.
வார் புதிது, நாரின் பச்சை இன்னும் போகவில்லை.
யார் கொடுத்தது, எப்போது,
என் கணக்கில் இல்லை.

மடியில் நூல் இருக்கிறதா என்று
தடவிப் பார்த்தேன்.