நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர்

சிப்பிப் படகின் தரம்பிரிக்கும் மேசையில்
முதலில் பழுதானது வெளிச்சம்.
பார்வையின் ஓரத்தில் ரம்பப் பல்லாய் ஒரு கோடு
மினுங்கி மினுங்கி வளர்ந்தது.
பிறகு சுண்டுவிரல்.
பிறகு அதன் அண்டைவீட்டு விரல்.
கையுறைக்குள் எறும்பு புகுந்ததுபோல
மணிக்கட்டு, முழங்கை, தோள்,
கன்னம், நாக்கில் பாதி.
வாடகை வசூலிப்பவன்போல
ஒவ்வொரு கதவாய்த் தட்டி வந்தது.
அவசரமே இல்லை அதற்கு.

நழுவிய சிப்பியை
எடு என்றேன் கையிடம்.
என் கை என்னைக் கைவிட்டது.

'யெப்பெ' என்று கூப்பிட நினைத்தேன்.
வாயிலிருந்து வந்தது 'உப்பு'.
யெப்பெ சிரிக்கவில்லை.
என் உதட்டின் வலமூலை தொங்குவதைப் பார்த்து
லிம்ஃபியோர்ட் நீரைக் கிழித்துக்கொண்டு
கரைக்குத் திருப்பினான்.
ஒரு கையில் சுக்கான், மறுகையில் போன்.

ஆல்போர் மருத்துவமனைக்குள்
பக்கவாதமாகத்தான் நுழைந்தேன்.
அப்படித்தான் நுழைய வேண்டுமாம்.
அங்கே சந்தேகத்துக்குத்தான் முதல் மரியாதை.
தலையைக் குழாய்க்குள் செருகிப் படமெடுத்தார்கள்.
அடைப்பில்லை. கசிவில்லை.
அதற்குள் வலி வந்து சேர்ந்துவிட்டது,
இடது கண்ணுக்குப் பின்னால்
யாரோ நங்கூரம் இறக்குவதுபோல.

மறுநாள் மாலை கட்டைவிரல் அசைந்தது.
அதற்கு மறுநாள் கரண்டி பிடித்தேன்.

நரம்பு மருத்துவர் யுர்சா, என்னைவிட இளையவள்,
காகிதத் துண்டில் ஒரு வால்நட் வரைந்தாள்.
"மூளையின்மேல் ஓர் அலை" என்றாள்.
"நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்.
கடக்கும் இடமெல்லாம்
சற்று நேரம் விளக்கணைந்து கிடக்கும்.
பக்கவாதம் பெரும்பாலும் ஒரே அடியாய் அடிக்கும்,
இது ஊர்ந்து வரும்.
ஆனாலும் அடுத்த முறை நீயாக முடிவு செய்யாதே.
ஆம்புலன்ஸைக் கூப்பிடு."
ஹெமிப்ளீஜிக் மைக்ரேன்.
சொல்லிப் பார்த்தேன், நாக்கு தடுக்கவில்லை.
அரிதானது என்றாள்.
பிறகு, பேனாவை மூடாமல்:
"வீட்டில் வேறு யாருக்காவது?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

என் அப்பா ஆஸ்கெர்
ஃபெரியில் கயிறு கட்டுபவர்.
வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை
காலை பத்து மணிக்கே
வலது காலை இழுத்துக்கொண்டு,
சொற்கள் குழற,
துறைமுகச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பார்.
மூன்றாம் எச்சரிக்கைக் கடிதத்தில்
'பணிநேரத்தில் போதை' என்றிருந்தது.
ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லையே என்றார்கள்.
பேச வாய் எங்கே இருந்தது.
இரண்டு நாள் திரை மூடிய அறையில் கிடப்பார்.
'தெளியட்டும்' என்பாள் அம்மா.
பன்னிரண்டு வயதில்
அவர் கோட்டுப் பைகளை எல்லாம் துழாவினேன்.
ஒரு பாட்டிலும் அகப்படவில்லை.
எவ்வளவு கெட்டிக்காரத்தனமாய் ஒளிக்கிறார்
என்று நினைத்துக்கொண்டேன்.
அடக்கம் முடிந்து காபி குடிக்கையில் யாரோ சொன்னார்:
'இப்போதாவது நேராகப் படுத்திருக்கிறான்.'
நானும் சிரித்தேன்.

"அப்பா" என்றேன் யுர்சாவிடம்.
ஒரு சதுரம் போட்டாள்.
அதைக் கறுப்பாய் நிரப்பினாள்.
இறந்தவர் என்பதற்குக் குறுக்கே ஒரு கோடு.
கீழே ஒரு வட்டம், அதுவும் கறுப்பு,
அது நான்.
வட்டத்துக்குக் கீழே
வெள்ளையாய் இடம் இருந்தது.

"குழந்தைகள்?"

ஒரு மகள். ஒன்பது வயது. மால்லே.
முதல் நாள் இரவு
செவிலி என் காதில் போனைப் பிடித்துக்கொண்டாள்.
என் குழறலைக் கேட்டபடி
அந்தப் பக்கம் ரொம்ப நேரம் மூச்சு மட்டும்.
பிறகு மெதுவாக,
பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடாமல்:
'அம்மா, குடிச்சிருக்கியா?'