தொட்டியின் வாய்

வியாழன் இரவு பாஸ்டர் லேவி கூப்பிட்டார்:
"கிதியோன், நாளைக்கு ஆறு பேர்.
தொட்டியில் பாசி படிஞ்சிருக்கு."
பிரஷ்ஷும் குளோரின் டப்பாவுமாக
யர்மூக் போகும் பஸ்ஸில் ஏறினேன்.
ஆறு பேரில் நானும் ஒருவன் என்பது
அவருக்கு நினைவிருந்ததா, தெரியவில்லை.
தன் குழியைத் தானே தேய்த்துக் கழுவியவன்
ஷார்ஜாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கழுவுவதுதான் எனக்குச் சோறு.
வில்லாக்களின் மொட்டைமாடித் தொட்டி,
அடுக்குமாடிகளின் நிலத்தடித் தொட்டி.
ஒரு வட்ட ஓட்டை,
அதில் தோளைக் குறுக்கி இறங்க வேண்டும்.
ஆறு மாத உத்தரவாதம் என்று
கம்பெனி பில்லில் எழுதித் தருகிறது.
ஏழாம் மாதம் பாசி
தன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும்.
அதனால்
பாவம் கழுவப்படும் என்று யாராவது சொன்னால்
எனக்குள் ஒரு கணக்கப்பிள்ளை
எத்தனை மாதத்துக்கு என்று கேட்கிறான்.

அம்மா போனில் அழுதாள்.
"எட்டு மாசத்திலயே கொடுத்தாச்சுடா.
ஐயர் மூணு தரம் தலையில விட்டாரு,
நீ அவரு அங்கியெல்லாம் நனைச்சுவச்ச.
அந்தத் தண்ணி பத்தலையா உனக்கு?"

பத்தலை என்று நான் சொல்லவில்லை.
உப்பை அளக்கும் கருவி என் சட்டைப் பையில் இருக்கிறது,
கடலிலிருந்து உப்பை உருவி எடுத்த
இந்த ஊர்த் தண்ணீரில் வைத்தால்
நூற்றிப் பத்து காட்டும்.
பத்தும் பத்தாது என்று அளக்க
எந்தக் கம்பெனியும் ஒன்றும் செய்யவில்லை.

அம்மாவிடம் நான் சொல்லாதது பிஷ்ணுவை.

போன ஆகஸ்ட். அல் நஹ்தா.
பிஷ்ணு தாமாங் உள்ளே, நான் வாயில்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
மேலே நிற்பவன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்,
உள்ளே இருப்பவன் குரல் கொடுக்க வேண்டும்.
விதி அவ்வளவுதான்.
அன்றைக்கு நான் கூப்பிட்டது பதினோராம் நிமிடத்தில்.
குடிக்கத் தண்ணீர் எடுக்க
வண்டிவரை போயிருந்தேன்.

முழங்காலளவு தண்ணீர்.
பம்பின் புகை.
அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன்,
தூக்கினேன், தூக்கினேன்.
மாரடைப்பு என்று எழுதினார்கள்.
பதினோரு நிமிடம் என்று எவரும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரை மணி.
வாடகைக்கு எடுத்த வெள்ளை அங்கி,
எனக்குமுன் மூன்று பேர் போட்டுக் கழற்றிய ஈரம்.
இரண்டு நர்ஸுகள், ஒரு சமையற்காரர்,
கணவன் சம்மதிக்குமட்டும் ஒன்பது வருஷம் காத்திருந்த
மெர்சி ரூபாவதி.
பிறகு நான்.

கழுவுவதற்கு இல்லை இது, என்றார் பாஸ்டர்,
அடக்கம் பண்ணுவதற்கு.
அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை,
வழக்கமாகச் சொல்வதுதான்.
கணக்கப்பிள்ளை எழுந்து போய்விட்டான்.

மூன்று பெயர்களைச் சொன்னார். என்னைச் சாய்த்தார்.
நேற்று நான் தேய்த்த தரை
முதுகில் பட்டது.
மேலே ஒரு வட்டமாக வெளிச்சம்.
அங்கே, அந்த இரண்டு நொடியில்,
மூச்சை அடக்கிக்கொண்டு
யாராவது கூப்பிடுவார்களா என்று கேட்டேன்.
பிஷ்ணுவும் இப்படித்தான் கேட்டிருப்பான்.

அக்குளில் இரண்டு கைகள்.
என் எடையை நான் தூக்கவில்லை.
மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி,
கண்ணைத் திறந்தபோது
எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஏதோ ஹோட்டலின் பெயர் போட்ட துண்டை
யாரோ தோளில் போட்டார்கள்.
எனக்கு லேசாகவெல்லாம் இல்லை.
ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஏறியவன்போல
முழங்கால் நடுங்கியது.

தொட்டியைத் திறந்துவிட்டதும் நான்தான்,
தொழில்.
தண்ணீர் மதிலோரம் ஓடி
அரளிச் செடிகளுக்குப் போனது.

சனிக்கிழமை முவைலாவில் வேலை.
பெஷாவர்க்காரப் பையன் ஸர்தாஜ் உள்ளே,
நான் வாயில்.
ஐந்து நிமிடம் என்பது விதி.
நான் ஒவ்வொரு நிமிடமும் கூப்பிடுகிறேன்.
"இருக்கேன் பாய், இருக்கேன்,
உனக்கென்ன பைத்தியமா?" என்கிறான்
உள்ளிருந்து,
எதிரொலியோடு.