கடல் இல்லாத பாட்டு

லிஸ்பனிலிருந்து வந்தவளுக்கு
மைக் கட்டினது நான்தான்.
டச்பார், பறங்கியர் மண்டபம்,
நூற்றியிருபது பிளாஸ்டிக் கதிரை,
கல்லாற்றில் வாடகைக்கு எடுத்த இரண்டு ஸ்பீக்கர்,
கரண்டை நம்ப ஏலாது என்று
பின்வாசலில் என்ர ஜெனரேட்டர்.

ஒத்தீலியா என்று பெயர்.
பதினொரு இசைத்தட்டு.
ஊர்ப்பாட்டு ஃபாடோவைத் தூக்கிக்கொண்டு போய்
கேப் வெர்டேயில் பறையோடு கட்டினாளாம்,
மறுகா துனிசில் யாரோ ஒரு கிழவனின் தந்தி வாத்தியத்தோடு,
மறுகா மும்பையில் சாரங்கியோடு ஒரு வருசம்.
"இனி உங்கட வயலின்" என்றான்
கூட வந்த கித்தார்க்காரன்,
மீன் பொரியலில் முள் எடுத்தபடி.

எங்கட வயலின் என்றால் கிளாரன்ஸ் பார்த்தலோ.
பகலில் கதவு நிலை செதுக்குகிறவர்,
இரவில் கலியாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா.
ஒத்திகையில் இரண்டு பேரும் கதைத்தார்கள்.
அவளுடைய பாஷை
சலவைக்குப் போய் மடித்து வந்தது.
இவருடையது
நானூறு வருசம் வெளியில் கிடந்து
வெயிலும் தமிழும் குடித்தது.
தண்ணி, வீடு, நாய், மாப்பிள்ளை என்று
ஒவ்வொன்றாய்ப் பொருத்திப் பார்த்து
ஒரே சிரிப்பு.
"ஏன் இவ்வளவு மெதுவாய்? ஒருத்தரும் ஆட ஏலாதே"
என்று அவர் கேட்டது மட்டும்
அவர் காலைப் பார்த்தே எனக்கு விளங்கியது.

இரவு ஏழரை.
கறுப்புச் சால்வை, மூடின கண்.
'மார்' என்று தொடங்கினாள்.

அவளுக்கு மார் என்றால் கடல்.
எங்களுக்கு என்னவென்று
நான் சொல்லத் தேவையில்லை.
மா...ர் மா...ர் என்று அவள் இழுக்க
எக்கோவைக் கொஞ்சம் கூட்டினேன், தொழில் புத்தி.
சுவரில் பட்டுத் திரும்பி வந்தது
யாரோ மாரில் அடிக்கிற சத்தம்.
இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள்தான்
அந்த மண்டபம் நிறைய.
அவர்களுக்கு இரண்டும்
ஒரே நேரத்தில் கேட்டது.

இரண்டாம் பாட்டிலும் கடல்.
மூன்றாவதில் திரும்பாத கப்பல்.
கை தட்டவில்லை ஒருவரும்.
அந்த மார்கழி ஞாயிறு
இந்த வரிசைகளில் எத்தனை கதிரையைக் காலியாக்கியது என்று
அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

முன்வரிசையில் எவ்லின் அந்திராடோ எழும்பினாள்.
தையல்காரி. தோளில் இன்னும் அளவு நாடா.
ஒரே ஒரு வசனம் சொல்லிவிட்டு இருந்துவிட்டாள்.
கிளாரன்ஸ் வில்லைத் தாழ்த்தி
என் பக்கம் திரும்பி, தமிழில்:
"கடல் இல்லாத பாட்டு ஒண்டும் இல்லையா எண்டு கேக்கிறா."

கொப்பியைப் புரட்டினாள் ஒத்தீலியா.
தாள் புரளுகிற சத்தம் ஸ்பீக்கரில் வந்தது.
பதினொரு இசைத்தட்டு, இருபத்தாறு வருசம்,
பக்கத்துக்குப் பக்கம் உப்பு.
கித்தார்க்காரன் காதில் ஏதோ சொன்னான்.
தலையாட்டி மறுத்தாள்.
கொப்பியை மூடினாள்.

பத்தொன்பது வயதில் பாடினதாம்,
ஒரு சாராயக் கடையில், கிளாஸ் கழுவிக்கொண்டு.
எந்தத் தட்டிலும் இல்லை.
டிராம் கண்டக்டர் ஒருவன்
தினமும் மிச்சக் காசைப் பிழையாய்த் தருகிறான்,
எப்போதும் இரண்டு சதம் கூடுதலாய்.
பெண்ணொருத்தி அதைத் திருப்பிக் கொடுக்கவென்றே
தினமும் ஏறுகிறாள்.
அவ்வளவுதான் பாட்டு.

கித்தார்களுக்கு அது தெரியாது.
கேளாமலே புகுந்தது வயலின்,
அவள் வேகத்துக்கு ஒன்றரை மடங்கில்.
முதல் அடியில் தடுக்கினாள்,
மூன்றாவதில் ஓடிப் பிடித்தாள்.
நான் எக்கோவைப் பூச்சியத்துக்கு இறக்கினேன்.
கதிரை ஒன்று பின்னால் தள்ளுப்பட்டது.
ஆடினது மூன்று பேர்,
எவ்லின் அதில் இல்லை.
நாடாவைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக
தாளம் பிசகாமல் இருந்தாள்.

அடுத்த வருசம் பன்னிரண்டாம் தட்டு வந்தது,
கொழும்புச் சுங்கத்தில் என் காசு கட்டி எடுத்தேன்.
ஏழாவது பாட்டு.
பொடி எழுத்தில்: வயலின், கிளாரன்ஸ் பார்த்தலோ.
என் பெயர் எங்கும் இல்லை.
ஆனால் ஹெட்போன் போட்டுக் கேட்டால்
கண்டக்டர் காசை எண்ணுகிற இடத்தில்
பாட்டு மூச்சு வாங்குகிறபோது
பின்னால் ஒரு இருமல்.

என்ர ஜெனரேட்டர்.
அவ்வளவு பெரிய ஸ்டூடியோவில் இருந்தும்
அதை வெட்டி எடுக்கவில்லை அவர்கள்.
முதல்நாள்தான்
ஒயில் மாற்றியிருந்தேன்.