பதினொரு சுற்று

மூன்றாவது குறுக்குத் தெருவின் வால்வு
முழுதாய்த் திறக்கப் பதினொரு சுற்று.
"நாலோட நிப்பாட்டிக்க" என்றார் கவுன்சிலர் சோலைமலை,
அனுப்பானடி டீக்கடையில்,
வடை எண்ணெயைப் பேப்பரில் ஒற்றியபடி.
ஏனென்று நான் கேட்கவில்லை.
ஒப்பந்த ஆளுக்குக் கேள்வி கிடையாது,
நீள இரும்புச் சாவி மட்டும்தான்.

ஏனென்று ஏரியாவுக்கே தெரியும்.
பத்தொன்பது வருசத்துக்கு முன்
எண்ணெய்க் கடை தனுஷ்கோடி மகளுக்குக் காதுகுத்து.
இலையில் சோறு விழுந்த பிறகு
"தம்பி, நீ அடுத்த பந்தி" என்று
தோளைத் தொட்டு எழுப்பிவிட்டார் தனுஷ்கோடி.
அப்போது அவர் போஸ்டர் ஒட்டுகிற சோலை.
விரலிடுக்கில் பசை.
அந்த இலையில் வைத்த அப்பளத்தை
இன்னும் அவர் கடித்து முடிக்கவில்லை.

வால்வுக்குத் தனுஷ்கோடியைத் தெரியாது.
தெருவில் அறுபத்து மூன்று வீடு.
தனுஷ்கோடி வீட்டில் நானூறு அடி போர்;
மாடித் தொட்டி நிரம்பி வழிந்து
கார் டயரை நனைத்துக்கொண்டு ஓடும்.
கடைசி வீட்டுப் பஞ்சவர்ணம்,
சோலைமலைக்கு ஓட்டுக் கேட்டு வெயிலில் கருத்தவள்,
குழாயடியில் குழி வெட்டி
குடத்தைச் சாய்த்து வைத்து
விடியும்வரை
காற்று வருகிற சத்தம் கேட்டிருந்தாள்.

ஏரியா சபைக் கூட்டத்தில் அவள்தான் எழுந்தாள்.
மைக்கோடு அவர் என் பக்கம் திரும்பினார்:
"ஏம்ப்பா, சனம் தண்ணியில்லாமக் கெடக்கு,
நீ என்ன தூங்குறியா?"
கைதட்டினார்கள்.
பஞ்சவர்ணமும் தட்டினாள்.
அன்றிரவு போன்:
"ஆறாக்கிக்க. அதுக்கு மேல வேணாம்."

வைகாசியில்
காது குத்தின அதே பிள்ளைக்குக் கல்யாணம்.
வில்லாபுரம் மண்டபத்தில், முதல் பந்தியில்
ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை.
மாவட்டம் பேசி முடித்துவைத்ததாம்.
அப்பளம் நொறுங்குவது
வாசல் வரை கேட்டது எனக்கு.
நான் அடுத்த பந்திக்கு நின்றிருந்தேன்.

ஆறை மாற்றச் சொல்லி
யாரும் கூப்பிடவில்லை.
மறந்துவிட்டார் போல.
பகை தீர்ந்தவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள்.

இன்று விடியக்காலை மூன்று மணி.
கவுன்சிலர் குடியிருக்கும் தெரு.
குழியில் சாவியை இறக்கி, எண்ணிக்கொண்டே சுற்றினேன்.
நாலில் கை நின்றது.
ஏதோ ஒரு வீட்டில் யாரோ இருமினார்கள்,
அவர் வீடா தெரியவில்லை.
கணுக்காலில் கொசு.
ரிங் ரோட்டில் லாரி ஒன்று கியர் மாற்றிப் போனது.

ஐந்து என்றேன்,
வாய்விட்டு.